மண்டி மொகல்லாவின் பிறப்புப் பேரேடு

மைசூர் மண்டி மொகல்லாவில் இருக்கும் சி.எஸ்.ஐ. ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையை முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் பழைய ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். மிஷன் ஆஸ்பத்திரி என்றால் உடனே கை காட்டுவார்கள். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள் 1906இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் தொடங்கிய இடம் அது. மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வர்த் என்ற பெண்மணியின் நினைவைத் தாங்கி நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் தமிழும் கன்னடமும் உருதும் பேசும் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாக அங்கேதான் பிரசவம்.

அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் 1934 முதல் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தையைத் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். உச்சியிலிருந்து குதிகால் வரை நீளம் அளந்தார்கள். தலையின் சுற்றளவை அளந்தார்கள். தாயின் எடையும் குறிக்கப்பட்டது. எல்லாம் பவுண்டிலும் அவுன்ஸிலும் அங்குலத்திலும். எழுதிய நர்சுகளுக்கு அந்த எண்களால் பின்னாளில் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒழுங்காக வேலை செய்வது என்றால் அவர்களுக்கு அது. பேரேடுகள் நிரம்பின, அலமாரிக்குப் போயின, யாரும் எரிக்கவில்லை. இந்தியாவில் பழைய காகிதத்துக்கு நேரும் கதியை அறிந்தவர்களுக்கு, கடைசியாகச் சொன்னதுதான் இதில் பெரிய அதிசயமாகப் படும்.

அந்தக் குழந்தைகள் எப்படிப்பட்ட காலத்தில் பிறந்தார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, 1946இல் வெளியானது, 1937ஆம் ஆண்டின் எண்களைத் தருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 58 பேர். நியூசிலாந்தில் 31 பேர். மைசூர் சமஸ்தானம் இந்தப் பிரிட்டிஷ் இந்தியக் கணக்கில் சேராது. மற்ற பல இடங்களை விட முன்னே நடந்த ஆட்சி என்று பெயர் எடுத்த சமஸ்தானம். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1930 ஜூன் 11 அன்று, அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி ஆணை பிறப்பித்தது. உலகில் வேறெந்த அரசும் அதற்குமுன் இதைச் செய்யவில்லை என்பார்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்று பெற்றுத் தேய்ந்துபோன பெண்கள் அரண்மனையின் கண்ணிலும் பட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆனாலும் முன்னேறிய சமஸ்தானத்தின் தலைநகரிலும் பிறந்த வீட்டில் பத்தாம் நாளைக் குழந்தை பார்க்குமா என்பது நிச்சயமில்லாமல்தான் இருந்தது.

எங்கள் பாட்டியிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு எண்கள் சொல்வார். பெத்தது ஒம்பது, தங்கினது அஞ்சு. தங்காத நால்வரில் மூவர் ஒரு மாதத்துக்குள் போனவர்கள். பெயர் வைக்கும் முன்பே போனதால் அவர்களைக் குறிப்பிட அவரிடம் பெயர் இல்லை. மார்கழியில் பிறந்தது, மழையில் பிறந்தது என்பார். அதற்குப்பின் பிறந்த என் பெரியப்பாவை, அவராவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு, அக்கம்பக்கத்தில் ஒரு பெண்மணி எடுத்துக்கொடுக்க, தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி வளர்த்தார்களாம். தமிழ் ஊர்களில் குப்புசாமிகளும் குப்பம்மாக்களும் பிச்சைமுத்துகளும், கன்னட ஊர்களில் திப்பய்யாக்களும் திப்பம்மாக்களும் இருந்ததன் பின்னால் அநேகமாக ஒரு சின்னக் குழி இருக்கும். அரசாங்கம் பிறப்பு இறப்புக் கணக்கைச் சரியாக எழுதத் தொடங்கும் முன்பே ஜனங்கள் தங்கள் கணக்கை இப்படிப் பிள்ளைகளின் பெயரில் எழுதிவைத்தார்கள்.

ஐரோப்பா இந்தக் கணக்கை எழுதத் தொடங்கியது மிக முன்பே. சுவீடனில் 1749 முதல் ஊர்ப் பாதிரியார்கள் பிறப்பையும் இறப்பையும் அரசுக்கு எண்ணிக் கொடுத்து வந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கும் ஐந்தில் ஒரு குழந்தை ஒரு வயதுக்குள் இறந்தது. இன்று ஆயிரத்துக்கு இரண்டு. இந்த இறக்கத்தைப் படமாக வரைந்து, கோடு கீழே இறங்குவதைக் காட்டி, நாகரிகம் வளர்ந்தது என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் திருப்தியில்லை. அந்தக் கோட்டுக்குள் இரண்டு கோடுகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுபோல் இறங்கவில்லை.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1906 முதல் 1910 வரையிலான ஆண்டுகளில் அங்கே ஆயிரத்துக்குச் சுமார் 117 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அவர்களில் 40 பேர் முதல் மாதத்திலேயே போனவர்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1931 முதல் 1935 வரை, மொத்தம் 62 ஆகிவிட்டது. ஏறக்குறைய பாதி. ஆனால் முதல் மாதத்து இறப்பு 40இலிருந்து சுமார் 31க்குத்தான் வந்தது. குழாய்த் தண்ணீர், சாக்கடை, கெடாத பால், நெரிசல் குறைந்த வீடு இவையெல்லாம் இரண்டாம் மாதத்துக்குமேல் இருந்த குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காப்பாற்றின. பிறந்த முதல் நாட்களில் இறந்த குழந்தைகளை அவை அவ்வளவாக எட்டவில்லை. ஏனென்றால் அந்தக் குழந்தைகள் தெருவின் அசுத்தத்தால் இறக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்தார்கள், எடை குறைந்து பிறந்தார்கள், பிரசவத்தில் மூச்சுத் திணறினார்கள். அந்தச் சாவுக்கான காரணம் பிறப்பதற்கு முன்பே, தாயின் உடம்பில், அந்தத் தாய் சிறுமியாக இருந்த வீட்டில் தொடங்கியிருந்தது.

இதை உற்றுப் பார்த்தவர் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர். சௌதாம்ப்டனில் இருந்தார், 2013இல் காலமானார். அவரும் புள்ளியியலாளர் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸின் வரைபடத்தை 212 பகுதிகளாகப் பிரித்து, 1968 முதல் 1978 வரை மாரடைப்பு வகை இதய நோயால் எங்கே அதிகம் பேர் இறந்தார்கள் என்று குறித்தார்கள். அந்த நாளில் மாரடைப்பு என்றால் வசதிக்காரரின் நோய், வெண்ணெயும் இறைச்சியும் தின்று வருவது என்பது பொது நம்பிக்கை. படம் வேறு சொன்னது. இறப்பு அதிகம் இருந்தது வடக்கத்தி ஆலை ஊர்களிலும் வேல்ஸின் ஏழைப் பகுதிகளிலும். அதன்மேல் 1921 முதல் 1925 வரை குழந்தைகள் அதிகம் இறந்த இடங்களின் படத்தை வைத்தால் இரண்டும் பொருந்தின. குழந்தைகள் அதிகம் செத்த ஊரில், செத்துப்போகாமல் வளர்ந்த குழந்தைகளும் ஐம்பது வருடம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். 1986இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

லங்காஷயர் நமக்குத் தெரிந்த பெயர்தான். நம் ஊர்த் தறிகளை ஓயவைத்த துணி அங்கிருந்து வந்தது. அங்கே பர்ன்லி, நெல்சன் என்று இரண்டு ஆலை ஊர்கள். இடையே சில மைல்தான். வேலை ஒன்று, மழை ஒன்று, கூலியும் பெரிய வித்தியாசமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ன்லியின் குழந்தை இறப்பு நெல்சனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்க்கர் இதற்குச் சொன்ன காரணம் தாய்மார்கள். பர்ன்லி முன்பே ஆலை ஊராகிவிட்டது; அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்து பெண்பிள்ளையாக இருக்கும்போதே ஆலைக்குப் போன வம்சம். நெல்சன் பிறகு வளர்ந்தது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் பலர் பக்கத்து மலைச்சரிவுக் கிராமங்களில் பாலும் வெளிக்காற்றுமாக வளர்ந்தவர்கள். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே சங்கு ஊதலுக்கு ஒரே தறியில் போய் நின்றார்கள். குழந்தையின் ஆயுளைத் தீர்மானித்தது அவர்கள் அன்று வாங்கிய கூலியைவிட, தாங்கள் ஏழெட்டு வயதில் சாப்பிட்ட சாப்பாடு.

படம் பொருந்துகிறது என்பதால் மட்டும் காரணம் நிரூபணமாகாது. ஒரே ஆளின் பிறப்பு எடையும் அவர் செத்த காரணமும் கையில் வேண்டும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அது கிடைத்தது. எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் அங்கே மருத்துவச்சிகளின் மேற்பார்வையாளர். தென்னாப்பிரிக்கப் போயர் போருக்கு ஆள் எடுக்கும்போது வந்த இளைஞர்களில் ஏராளமானோர் நோஞ்சானாக இருந்ததைப் பார்த்து இங்கிலாந்து அதிர்ந்திருந்த காலம். 1911 முதல் அந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடையை மருத்துவச்சி எழுதினாள். சுகாதாரச் செவிலி வீடு வீடாகப் போய் ஒரு வயதில் மறுபடியும் எடை பார்த்தாள். அந்தப் பேரேடுகளில் இருந்த ஆண்களைத் தேடிப் பிடித்தபோது, எடை குறைந்து பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய்ச் சாவு கூடுதல் என்று தெரிந்தது.

இந்த விஷயம் இங்கிலாந்துக்கு மட்டும்தானா, சின்னதாகப் பிறப்பதே வழக்கமாகிவிட்ட இந்தியாவில் எப்படி என்ற கேள்விக்கு விடை தேடித்தான் மிஷன் ஆஸ்பத்திரியின் அலமாரி திறக்கப்பட்டது. பார்க்கரின் குழுவைச் சேர்ந்த கரோலின் ஃபாலும் மைசூர் மருத்துவர்களும் களப்பணியாளர்களும் 1993இல் வேலையைத் தொடங்கினார்கள். பேரேட்டில் இருப்பது தாயின் பெயரும் தேதியும் எடையும். ஆளைப் பிடிக்க ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த தெருக்களில் வீடு வீடாக ஏறினார்கள். நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எந்த வருஷம், அம்மா பெயர் என்ன? பிறந்த தேதியே சரியாகத் தெரியாத தலைமுறை அது. பிளேக் வந்த வருஷம், தசராவுக்கு முந்தின வாரம், மூத்த மகாராஜா இருந்தபோது என்று சொல்லும் ஆட்களைப் பேரேட்டின் வரியோடு பொருத்தினார்கள். இப்படிப் பொருந்தியவர்கள் 3,000க்கும் மேல். பொது மருத்துவ ஆய்வுகளின் சரித்திரத்தில் இதற்கு இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஆய்வகத்தில் நடந்த கண்டுபிடிப்பைப் பேசுவதுபோல், வெயிலில் நடந்து கதவைத் தட்டியவர்களின் உழைப்பை நாம் பேசுவதில்லை.

1934க்கும் 1954க்கும் இடையே பிறந்த 517 பேரைப் பரிசோதித்த முடிவு 1996இல் லான்செட்டில் வந்தது. பிறக்கும்போது ஐந்தரைப் பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ, அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய். ஏழு பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு: எடை குறைந்து பிறந்து, தாயின் எடையும் கர்ப்பத்தின்போது நூறு பவுண்டுக்குக் கீழே இருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு நோய். நூறு பவுண்டு என்றால் நாற்பத்தைந்து கிலோ. நிறைமாதக் கர்ப்பிணி, வயிற்றில் பிள்ளையோடும் பனிக்குடத்தோடும் சேர்த்து நாற்பத்தைந்து கிலோவை எட்டாதவள். அப்படிப்பட்ட பெண்ணை நம்மில் பலர் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

இந்த ஆய்வை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. நோய் கண்டவர்களின் எண்ணிக்கை சிறியது. பேரேட்டில் இருந்த எத்தனையோ பேர் ஊரை விட்டுப் போயிருப்பார்கள், இறந்திருப்பார்கள். தெருவில் எஞ்சியிருந்தவர்களைத்தான் பரிசோதிக்க முடிந்தது. எடை குறைந்து பிறப்பவர் பெரும்பாலும் ஏழையாகப் பிறக்கிறார், ஏழையாகவே வாழ்கிறார். நோய் கருப்பையிலிருந்து வந்ததா, அறுபது வருட வறுமையிலிருந்து வந்ததா என்று பிரிப்பது எளிதல்ல என்று பார்க்கரின் விமர்சகர்கள் தொடர்ந்து சொன்னார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பேரேடு இன்னொரு காரியம் செய்தது. எதிர்பார்த்த விடையைத் தர மறுத்தது. சர்க்கரை நோயிலும் எடை குறைந்து பிறந்தவர்கள்தான் மாட்டியிருப்பார்கள் என்று தேடினார்கள். மைசூரில் அப்படி இல்லை. நீளத்துக்குப் பொருந்தாமல் கொழுகொழுவென்று பிறந்தவர்களுக்கும், எடை கூடிய தாய்மாரின் பிள்ளைகளுக்கும்தான் சர்க்கரை கூடுதலாக இருந்தது. தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருக்க வேண்டும், அந்த நாளில் அதை யாரும் பார்க்கவில்லை என்று அனுமானித்தார்கள். தான் தேடிய விடையையே தராத ஆவணத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

அனுமானத்தைச் சோதிக்க, 1997இல் அதே ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைச் சேர்த்து அடுத்த தொடர் ஆய்வு ஆரம்பமானது. பார்த்தினான் ஆய்வு என்று பெயர், ஜி.வி. கிருஷ்ணவேணி அதைப் பல ஆண்டுகள் நடத்திவந்தார். வந்த பெண்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பத்தில் நான்கு பேருக்கு மேல் வைட்டமின் பி12 போதவில்லை. சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பள்ளிக்கூட வயதிலேயே கொழுப்புச் சேர்ந்த உடம்போடும் இன்சுலின் தொந்தரவின் அறிகுறியோடும் இருந்தார்கள். அந்தப் பெண் பிள்ளைகள்தான் நாளைய தாய்மார்கள். பஞ்சத்தில் வளர்ந்த உடம்புக்குத் திடீரென்று சோறும் சர்க்கரையும் கிடைத்தால் என்னவாகும் என்பதை ஒரே ஊரில், இரண்டு தலைமுறைக்குள் எழுதிக்காட்டிவிட்டது மிஷன் ஆஸ்பத்திரி. கே.ஆர்.எஸ். சாலையில் இருக்கும் ஜெயதேவா இதய மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்க்கிறபோதெல்லாம், இவர்களில் எத்தனை பேரை எந்தத் தராசில் எத்தனை பவுண்டு என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. தாயின் உடம்புதான் காரணம் என்று சொன்ன மாத்திரத்தில், பழியைத் தாயின் மேல் போட ஆள் வந்துவிடும். நீ சரியாகச் சாப்பிடவில்லை, நீ மாத்திரையை விழுங்கவில்லை. மாமியார் சொல்வதை இப்போது டாக்டரும் சுவரொட்டியும் சொல்கின்றன. கடைசி மாதங்களில் வயிறு நிறையச் சாப்பிடாதே, பிள்ளை பெரிதானால் பிரசவம் கஷ்டம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தென் கன்னடத்திலும் மைசூர்ச் சீமையிலும் இதே பேச்சு உண்டு. மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்குகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். சிறுவயதில் போதிய உணவில்லாமல் இடுப்பெலும்பு குறுகிய பெண். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்க ஐம்பது மைலுக்குள் ஆளில்லை. பிள்ளை அடைத்துக்கொண்டால் இரண்டு உயிரும் போகும். போர் குழுவின் கணிப்பில் அன்று ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார் இறந்தார்கள். அந்த நிலையில் சின்னப் பிள்ளையாகப் பெறுவதே பிழைக்கும் வழி என்று பெண்கள் கண்டுகொண்டது அனுபவ அறிவு. தாங்கள் பிழைக்க வேண்டுமென்றால் பிள்ளையின் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைக்குப் பெண்களை நிறுத்தியது யார் என்பதுதான் கேட்க வேண்டியது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதை முழு மனதோடு சொல்ல வேண்டும். 1971இல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2023இல் அது 25. இந்த மாற்றத்துக்குப் பின்னால் பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் நிறையப் பேர். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் எழுதப் படிக்கத் தெரிந்த கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். மூச்சுத் திணறும் சிசுவை எப்படி மீட்பது, சளிக்காய்ச்சலை எப்படிக் கண்டுகொள்வது, சின்னப் பிள்ளையை எப்படிக் கதகதப்பாக வைப்பது, ஊசி எப்போது போடுவது என்று கற்பித்து வீட்டுக்கே அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கிராமங்களை விடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் எழுதினார்கள். இன்று ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீட்டுக்கு நாள் கணக்கு வைத்துப் போவதன் வேர் அங்கே இருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003இல் தொடங்கிய மாவட்ட அளவிலான சிசு சிறப்புப் பிரிவு இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இங்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர்கள் 1970களின் கடைசியில் கண்ட வழி, தாயின் வெற்று மார்போடு பிள்ளையைக் கட்டிவைப்பது, நம் அரசு மருத்துவமனைகளிலும் வந்துவிட்டது. மைசூரின் செலுவாம்பா மருத்துவமனைக்கு நஞ்சன்கூட்டிலிருந்தும் உன்சூரிலிருந்தும் எச்.டி. கோட்டையின் காட்டோர ஆதிவாசிக் குடியிருப்புகளிலிருந்தும் நூற்றியெட்டு வண்டியில் பெண்கள் வருகிறார்கள். என் பாட்டியின் மார்கழிக் குழந்தையை இன்று காப்பாற்றிவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

ஆனால் இந்தியாவிலும் அந்த இரண்டு கோடுகள்தான். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரத்துக்கு ஒரு வயதுக்குள் இறந்த 28 பேரில் 20 பேர் முதல் இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முதல் மாதச் சாவு, இங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தண்ணீரும் பெரிய குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டன. எஞ்சியிருப்பது கருவறையிலிருந்து வருவது. அதே 2020ஆம் ஆண்டுக் கணக்கில் இந்த முதல் மாத இறப்பு, அதாவது பச்சிளங்குழந்தை இறப்பு, கேரளத்தில் 4, தமிழ்நாட்டில் 9, கர்நாடகத்தில் 14. நாடு முழுவதும் 2030க்குள் பத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2014இல் வகுத்த திட்டத்தின் இலக்கு. நர்சும் மின்சாரமும் ஆக்சிஜனும் இருந்தால் அதை எட்டிவிடலாம்.

எட்டிய பிறகு? இலங்கையைப் பாருங்கள். பச்சிளங்குழந்தை இறப்பை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்து வெகு நாளாகிறது. தெற்காசியாவில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் நாடு. அங்கும் ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கிறது. தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர்களிடையே இன்னும் கூடுதல். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் எடை பார்த்த குழந்தைகளில் 18 சதவீதம் எடை குறைந்தவர்கள். அதற்கு முந்தைய ஆய்விலும் அதே அளவுதான். கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சாவு குறைந்திருக்கிறது, எடை கூடவில்லை. அதாவது, சின்னதாகப் பிறந்த பிள்ளையைப் பிழைக்கவைக்கக் கற்றுக்கொண்டோம். பிள்ளை சின்னதாகப் பிறக்கும் காரணத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். பிழைத்த பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதில் என்ன ஆகும் என்பதை மண்டி மொகல்லாவின் பேரேடு சொல்லிவிட்டது.

கர்ப்பத்தில் சத்து மாத்திரை கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் ஒரு சோதனை நடந்தது. கரோலின் ஃபாலும் அதில் இருந்தார். கீரை, பழம், பால் சேர்த்த ஒரு சிற்றுண்டியைப் பெண்களுக்குக் கர்ப்பமாகும் முன்பே தொடங்கித் தினமும் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிள்ளையின் எடையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசமில்லை. கரு உண்டாவதற்குத் தொண்ணூறு நாட்களுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் பிள்ளைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல். தாய்க்கு வரும் கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைந்தது. 48 கிராம் கொஞ்சம்தான். ஆனாலும் மசக்கை தெரிந்த பிறகு ஓடி வந்து கொடுக்கும் எதுவும் பிந்திப்போனது என்பதை அது காட்டுகிறது. பர்ன்லி, நெல்சன் பெண்கள் சொன்னதும் அதையேதான்.

கர்நாடகம் 2017இல் மாத்ருபூர்ணா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் மதியம் சூடான சாப்பாடு, முட்டை, பால், கடலை மிட்டாய். நல்ல எண்ணம். வேலைக்குப் போகும் பெண்ணும், வீட்டில் மற்றவர்கள் பசித்திருக்கத் தான் மட்டும் வெளியே போய்ச் சாப்பிடக் கூசும் பெண்ணும் வராமல் நின்றார்கள். கடைசியாகச் சாப்பிடுவதே மருமகளின் முறை என்று பழகிய வீட்டில், முதலில் சாப்பிடு என்று சர்க்கார் சொன்னால் கால் எழுவதில்லை. அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கர்ப்பிணியிலிருந்து தொடங்குவதுதான் குறை. அந்தப் பெண்ணின் பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடத்தில், அவள் தட்டில் முட்டை இருந்ததா என்று கேட்க ஆளில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தாயி கார்டு அவளுக்குப் பிறப்பது அவள் கர்ப்பமான பிறகுதான். அதற்கு முந்தைய இருபது வருடமும் அவள் உடம்பு யாருடைய கணக்கிலும் இல்லை.

என் வேண்டுகோள் இரண்டு. நம் ஊர்களின் பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் நகராட்சிப் பிரசவ விடுதிகளிலும் இன்னும் எத்தனையோ பிறப்புப் பேரேடுகள் இருக்கும். அவற்றை எடைக்குப் போடும் முன் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ ஒருவரிடம் காட்டுங்கள். அரசுகளுக்கு ஒன்று: ஆண்டுதோறும் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதத்தை வெளியிடும்போது, அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் சராசரி எடையையும், அவர்களைப் பெற்ற தாய்மார் கருவுறும் முன் இருந்த சராசரி எடையையும் மாவட்டவாரியாக அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.